சௌல்தாரியில் வாடகைக்கு வீடு கட்டலாமா?



பிழைப்பை நாடித் தமிழ்நாட்டை விட்டு வெளியேறியவர் எவரும் புதிய ஊரில் முதலாவதாகக் கற்றுக்கொள்ளும் பாடம் வாடகை. டில்லியில் கரோல்பாக், மும்பையில் மாதுங்கா, கொல்கத்தாவில் லேக் மார்க்கெட், பெங்களூரில் அல்சூர் என்று நம்மவர் கூடி வாழ்ந்த இடங்களுள் எதனை எடுத்துக்கொண்டாலும், மாதம் பிறந்ததும் சம்பளத்தில் ஒரு பங்கை எண்ணி வீட்டுக்காரர் கையில் வைத்தவர்களே மிகுதி. இருபது ஆண்டுகள் அவ்வாறு எண்ணி வைத்த பிறகு ஒரு நாள் மனத்தில் ஓர் எண்ணம் முளைக்கிறது. கொடுத்தது போதும், இனி வாங்கும் பக்கத்தில் நாம் நின்றால் என்ன? சேமநிதிப் பணம் வரும். குறைவதை வங்கி கொடுக்கும். இரண்டு குடித்தனத்துக்கு வீடு கட்டிவிட்டால் வாடகையே கடனை அடைத்துவிடும். கடைசியில் வீடு நமக்கு மிஞ்சும். கேட்பதற்கு இனிய கணக்குத்தான். இக்கணக்கு எங்கே சரியாகிறது, எங்கே பிசகுகிறது என்பதை இன்று ஆராய விரும்புகிறோம்.

பொதுப்படப் பேசுவதைவிட ஓர் ஊரை வைத்துக்கொண்டு பேசுவது நலம். நாம் எடுத்துக்கொள்ளும் ஊர் சௌல்தாரி. தென் அந்தமானில், 2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர் நகருக்கு வெளியே, வயலும் தோப்பும் மலைச்சரிவுமாக உள்ள சிற்றூர் அது. இந்தியில் சிறு கூடாரத்துக்குச் 'சோல்தாரி' என்று பெயர். ஊரின் பெயரும் ஏறக்குறைய அதே ஒலி உடையது. கூடாரத்தை நினைவூட்டும் ஊரில் நிலையான வீட்டைப் பற்றிப் பேச நேர்ந்தது, சொற்களோடு காலம் கழிக்கும் மொழிபெயர்ப்பாளனுக்கு ஒரு சிறு வேடிக்கை. இத்தீவுகளின் மக்கள்தொகை 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி 3,80,581. அவர்களுள் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள். வங்காளிக்கும் இந்திக்கும் அடுத்தபடி இங்கே தமிழே மிகுதி. ஆகவே சௌல்தாரிக் கணக்கு ஒரு மூலையின் கணக்கு அன்று.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. அரசாங்கக் காகிதத்தை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்கு மாற்றுபவன் என்று தெரிந்துவிட்டால், அண்டை அயலார் தத்தம் காகிதங்களையும் கொண்டுவருவது வழக்கம். அவ்வாறே இராமநாதபுரம் மாவட்டத்து அன்பர் ஒருவர் வந்தார். தீவுகளில் முப்பது ஆண்டு ஊழியம் செய்து ஓய்வை நெருங்கியிருப்பவர். கையில் ஒரு முத்திரைத்தாள். அதில் ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம். சௌல்தாரியில் ஒரு மனையைத் தமக்கு ஒருவர் விட்டுக்கொடுக்க ஒப்பியிருக்கிறார் என்றும், நான்கு நாளில் முன்பணம் தரவேண்டும் என்றும், தம் மனைவி படித்துப் பார்க்க அதனைத் தமிழில் எழுதித் தந்தால் போதும் என்றும் கேட்டார். அவர் கேட்டது மொழிபெயர்ப்பை மட்டுமே, யோசனையை அன்று.

எழுதிக் கொடுத்தோம். அடுத்த நாளே அம்மையாரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. "விற்கிறவரை டெனன்ட் என்று போட்டிருக்கிறதாமே, குடித்தனம் இருப்பவர் எப்படி இடத்தை விற்பார்?" வழக்கறிஞர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த அம்மையார் கேட்டுவிட்டார். இதற்கு விடை சொல்லப் புகுந்தால் அந்தமான் நிலத்தின் வரலாற்றையே தொடவேண்டும்.

1858இல் ஆங்கிலேயர் இங்கே கைதிகளின் குடியேற்றத்தை நிறுவினர். அன்று முதல் நிலம் சர்க்காருடையதாகவே இருந்துவந்தது. சுதந்திரத்துக்குப் பின், 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிக் குடும்பங்களை அரசாங்கம் கப்பலில் கொண்டுவந்து, காடு திருத்தி, வயலும் மேட்டு நிலமும் மனையும் அளித்துக் குடியமர்த்தியது. பிற்காலத்தில் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தமிழரும் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டனர். இவ்வாறு நிலம் பெற்றவர் எவரும் தஞ்சாவூர் மிராசுதாரைப் போலப் பரம்பரைப் பட்டாதாரர் அல்லர். 1966ஆம் ஆண்டின் அந்தமான் நிக்கோபார் தீவுகள் நில வருவாய் மற்றும் நிலச் சீர்திருத்த ஒழுங்குமுறை விதி இந்த நிலையையே சட்டமாக்கிற்று. நிலம் மத்திய அரசைச் சார்ந்தது. அதனை வைத்திருப்பவர் அரசின் கீழ் வெவ்வேறு தரத்து உரிமை உடையவர். நிலையான அனுபோக உரிமை பெற்றவர் ஒரு தரம். அவ்வுரிமை இல்லாதவர் ஒரு தரம். குறிப்பிட்ட பயனுக்காக அரசுக் கொடையாக நிலம் பெற்றவர் மற்றொரு தரம். உரிமச் சீட்டின் பேரில் மட்டும் இருப்பவர் வேறொரு தரம். ஆங்கிலச் சட்டம் இவர்களுள் பலரை 'டெனன்ட்' என்று அழைக்கிறது. வீட்டில் ஓர் அறைக்கு வாடகை கொடுத்து இருப்பவரையும் ஆங்கிலம் அதே சொல்லால்தான் அழைக்கிறது. ஆங்கிலத்தின் இந்தச் சிக்கனத்தால் எத்தனை குழப்பம்! தமிழில் நாம் முன்னவரை நிலக்குடி என்றும் பின்னவரைக் குடித்தனக்காரர் என்றும் பிரித்து எழுதுகிறோம். சௌல்தாரியில் வீடு கட்டி வாடகைக்கு விடுபவர், தம் வீட்டில் குடியிருப்பவருக்கு வீட்டுக்காரர். அரசாங்கத்துக்கோ அவரே ஒரு குடி.

ஆகவே தீவில் ஒருவர் "இடம் வாங்கினேன்" என்று சொன்னால், அவர் வாங்கியது மண் அன்று, மண்ணின்மேல் ஒரு தரத்து உரிமை. அவ்வுரிமை எந்தத் தரம், அதனைக் கைமாற்ற இயலுமா, அதன்மேல் கடன் வாங்க இயலுமா என்பவற்றுக்கு முத்திரைத்தாளில் விடை கிடையாது. விடை வருவாய்த் துறையின் உரிமைப் பதிவேட்டில் இருக்கிறது. அதன் சான்றிட்ட நகலை இங்குள்ளோர் 'எஃப் படிவம்' என்பர். தமிழ்நாட்டில் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்க்காமல் யாரும் முன்பணம் கொடுப்பதில்லை. அதே மனிதர் கடல் கடந்ததும் பழகிய முகத்தை நம்பிப் பணத்தை நீட்டுகிறார். அன்பரின் முத்திரைத்தாளில் எஃப் படிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இதனை நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தீவுகளின் பரப்பு 8,249 சதுர கிலோமீட்டர். அதில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்ட பகுதி காடு. எஞ்சியது மிகச் சிறிது. கூலி வேலைக்கும் கட்டட வேலைக்கும் வந்த நம்மவர் பலர், இடம் கிடைக்காமல், வருவாய் நிலத்திலோ வனத்தின் ஓரத்திலோ கொட்டகை போட்டு, பின்னர் அதனையே வீடாக்கிக்கொண்டனர். 1978க்கு முன் வன நிலத்தில் அமர்ந்தவர்களை ஒரு விதமாகவும், அதற்குப் பின் அமர்ந்தவர்களை வேறு விதமாகவும் அரசாங்கம் நடத்திற்று. பின்னவரை அகற்ற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. இத்தகைய நிலமும் முத்திரைத்தாளில் கைமாறுவது உண்டு. வாங்கியவர் வீடு கட்டலாம், வாடகையும் வாங்கலாம், மின்சார இணைப்புக்கூடப் பெற்றுவிடலாம். ஆனால் அது மணலில் எழுதிய பெயர். வங்கி அதனை ஏற்காது. பிள்ளைகள் அதனை விற்க முடியாது. வாழ்நாள் சேமிப்பை அதில் போடுபவர் எதனைப் போடுகிறார் என்று தெரிந்தாவது போடவேண்டும்.

பதிவேட்டில் உரிமை சரியாக இருந்தாலும் இன்னொரு கேள்வி நிற்கிறது. அந்த நிலம் எதற்கென்று பதிவாகியிருக்கிறது? தீவுப் பதிவேட்டில் வயல், மலை நிலம், மனை என்ற வேறுபாடு உண்டு. பயிருக்கென்று அளிக்கப்பட்ட நிலத்தில் வாடகை வீடு எழுப்புவதற்குப் பயன்மாற்ற அனுமதி வேண்டும். அதனை அளிப்பது மாவட்ட வருவாய் நிருவாகம். கடலையோ உப்பங்கழியையோ அடுத்த நிலமாயின் கடலோர ஒழுங்குமுறையும் குறுக்கிடும். இந்த அனுமதிகளுக்குக் காலம் பிடிக்கும். அக்காலம் முழுவதும் கொடுத்த முன்பணம் வட்டியின்றி உறங்கும். ஆகையால் அனுமதி பெறுவது யார் பொறுப்பு, கிடைக்காவிடில் முன்பணம் எத்தனை நாளில் திரும்பும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது அறிவுடைமை. விற்பனைக்கும் அடமானத்துக்கும் எந்த அனுமதி வேண்டும் என்பதையும் வருவாய் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு எழுத்து மூலமே விடை பெறுவது நல்லது. வாய்மொழி விடையை எந்த வங்கியும் கோப்பில் சேர்க்காது.

இனிப் பணத்துக்கு வருவோம். இதற்குமேல் நாம் சொல்லும் தொகைகள் கணக்குப் புரிவதற்காக நாமே வைத்துக்கொண்டவை. சௌல்தாரிச் சந்தை விலை என்று எவரும் கொள்ளவேண்டாம். தத்தம் ஊரின் தொகையை அங்கே இட்டுப் பார்த்துக்கொள்க.

மனையும் இரண்டு குடித்தனத்துக்கான கட்டடமும் சேர்ந்து 25 லட்சம் ரூபாய் ஆகிறது என்போம். கையில் 5 லட்சம். வங்கிக் கடன் 20 லட்சம். 30 லட்சம் வரையுள்ள வீட்டுக் கடனில் மதிப்பில் 90 விழுக்காடு வரை கொடுக்க ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. ஆகவே 20 லட்சம் கிடைக்கக்கூடியதே. வட்டி 9 விழுக்காடு, காலம் 20 ஆண்டு எனின், ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறக்குறைய 900 ரூபாய். இருபது லட்சத்துக்கு மாதம் 18,000, ஆண்டுக்கு 2,16,000. இருபது ஆண்டு முடியும்போது கட்டியிருப்பது 43 லட்சத்துக்குச் சற்று மேல்.

வாடகை என்ன வரும்? ஒரு குடித்தனத்துக்கு 7,000 வீதம் மாதம் 14,000, ஆண்டுக்கு 1,68,000. பலர் இந்த இடத்தில் கணக்கை நிறுத்திவிட்டு, "நாலாயிரம்தானே குறைகிறது, சம்பளத்தில் போட்டுக்கொள்ளலாம்" என்கின்றனர். ஆனால் ஆண்டுக்கு ஒரு மாதமாவது வீடு காலியாக இருக்கும். தீவில் குடித்தனக்காரருள் மாற்றல் பெற்று வரும் அரசு ஊழியரும் ஆசிரியரும் கணிசம். மாற்றல் ஆணை வந்தால் அவர் மூட்டை கட்டிவிடுவார். அடுத்தவர் வர நாளாகும். நகரத்தைப்போல் அடுத்த வாரமே ஆள் கிடைக்கும் என்று சிற்றூரில் எதிர்பார்க்கலாகாது. ஆகவே 14,000 கழிக்க. பழுதுபார்ப்புக்கும் வெள்ளைக்கும் 20,000. வரி, காப்பீடு முதலியவற்றுக்கு 6,000. எஞ்சுவது 1,28,000. தவணை 2,16,000. ஆண்டுக்கு 88,000, மாதத்துக்கு ஏழாயிரத்து முந்நூறு ரூபாய்க்கு மேல் கைப்பணம் போட்டாலன்றித் தவணை நிறைவேறாது.

வாடகை ஏறாதா என்று கேட்கலாம். ஏறும். எஞ்சும் தொகை ஆண்டுதோறும் 5 விழுக்காடு ஏறுவதாக வைத்துக்கொண்டாலும், அது தவணையை எட்டிப் பிடிக்கப் பதினோர் ஆண்டுகள் கழியவேண்டும். நம் அன்பருக்கு ஓய்வு பெற இன்னும் இரண்டு ஆண்டே இருக்கிறது. குறையை இட்டு நிரப்பவேண்டிய பதினோர் ஆண்டுகளில் ஒன்பது ஆண்டுகள் ஓய்வூதிய ஆண்டுகள். இதனைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை.

கடனின் உள்நடையையும் அறியவேண்டும். முதல் மாதத்து 18,000 ரூபாயில் 15,000 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது 3,000. ஐந்து ஆண்டுகளில் 10,80,000 ரூபாய் கட்டிய பின்னும் அசல் பாக்கி ஏறக்குறைய 17 லட்சத்து 75 ஆயிரம். இடையில் வீட்டை விற்க நேர்ந்தவர், இத்தனை நாள் கட்டியது எங்கே போயிற்று என்று திகைப்பது இதனால்தான். வீடு கட்டி முடியுமுன் வாடகை கிடையாது. கொடுத்த பகுதிக் கடனுக்கு வட்டி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். கட்டடம் ஆறு மாதம் தாமதித்தால் அந்த ஆறு மாதமும் கைப்பொறுப்பே.

அப்படியானால் வாடகை வீடே வேண்டா என்பதா? அன்று. கணக்கைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கவேண்டும் என்பதே நாம் சொல்ல வந்தது. வங்கி எவ்வளவு கொடுக்கும் என்று தொடங்காமல், வாடகை எவ்வளவு கடனைத் தாங்கும் என்று தொடங்கவேண்டும். மேற்படி வீட்டில் எல்லாச் செலவும் போக மாதம் எஞ்சுவது சுமார் 10,670. லட்சத்துக்கு 900 வீதம் அது தாங்கும் கடன் 11 லட்சத்து 85 ஆயிரம். அதாவது 25 லட்சத்து வீட்டுக்கு 13 லட்சம் கைமுதல் இருந்தால் அந்த வீடு தன்னைத்தானே சுமந்துகொள்ளும். கைமுதல் 5 லட்சந்தான் எனில், வீட்டைச் சிறிதாக்குவதே வழி. வங்கி 20 லட்சம் தருகிறேன் என்பது நமது சம்பளத்தைப் பார்த்துச் சொல்லும் சொல். சௌல்தாரி வாடகையைப் பார்த்துச் சொல்லும் சொல் அன்று. இரண்டும் ஒன்றே என்று மயங்கியவர்கள்தான் இடர்ப்படுகின்றனர்.

தீவுக்கே உரிய செலவுகள் சில உண்டு. சென்னையிலிருந்து கடல்வழி ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். சிமெண்டும் இரும்புக் கம்பியும் அவ்வழியே வரவேண்டும். கடற்கரை மணல் அள்ளுவதைப் படிப்படியாக நிறுத்துமாறு மேற்சொன்ன 2002ஆம் ஆண்டு ஆணை விதித்தபின், மணலும் எளிதில் கிடைக்கும் பொருளாக இல்லை. கப்பல் தாமதித்தால் கொத்தனார் சும்மா இருப்பார். கூலி சும்மா இராது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை. உப்புக் காற்று வேறு. தகரக் கூரையும் சன்னல் கம்பியும் தமிழ்நாட்டில் நிலைக்கும் அளவு இங்கே நிலைப்பதில்லை. இத்தனை மழை பெய்தும் கோடையில் குடிநீர்ப் பஞ்சம். நகரமே தனிக்காரி அணையை நம்பி, முறை வைத்துத் தண்ணீர் பெறும் நாட்கள் உண்டு. ஆகையால் வாடகை வீடு கட்டுபவர் பளிங்குத் தரையில் செலவிடுவதற்கு முன் மழைநீர்த் தொட்டியில் செலவிடுவது மேல். மார்ச்சு, ஏப்ரலில் தண்ணீர் உள்ள வீடு காலியாகக் கிடப்பதில்லை.

நில அதிர்ச்சியை மறக்கலாகாது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் அதிர்ச்சியில் தென் அந்தமானின் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் தாழ்ந்தது. சிப்பிகாட் பக்கத்து வயல்கள் கடல்நீரில் மூழ்கின. பதிவேட்டில் வயலாக இருப்பது கண்ணுக்குக் கழியாகத் தெரியும் இடங்கள் இங்கே உண்டு. எனவே மனையைப் பெருவெள்ள நாளில் ஒருமுறை நேரில் நின்று பார்க்கவேண்டும். காப்பீட்டுப் பத்திரத்தில் நில அதிர்ச்சிக்கும் வெள்ளத்துக்கும் இடம் உண்டா என்று எழுத்தெழுத்தாகப் படிக்கவேண்டும்.

வங்கியை விட்டு வேறு வழியில் பணம் திரட்டுவோரும் உளர். சீட்டுப் போடுவது நம்மவர் எங்கே சென்றாலும் உடன்கொண்டு செல்லும் வழக்கம். 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெற்ற சீட்டாயின் குற்றமில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அதனை நடத்துபவர் 7 விழுக்காடு வரை கழிவு எடுத்துக்கொள்ளலாம் என்பதை மட்டும் நினைவில் வைக்க. பதிவில்லாத சீட்டில் போட்ட பணத்துக்கு நடத்துபவரின் நாணயமே ஜாமீன். நகைக் கடன், கைமாற்று இவற்றால் சுவர் எழுப்புவது, ஓராண்டில் திருப்பவேண்டிய பணத்தை இருபதாண்டில் பலன் தரும் பொருளில் புதைப்பதாகும். மாதம் இரண்டு வட்டி என்பது ஆண்டுக்கு 24 விழுக்காடு. எந்த வாடகையும் அதனைத் தாங்காது.

ஒத்தி அல்லது போக்கியம் என்னும் முறையைத் தமிழ்நாட்டாரும் பெங்களூர்த் தமிழரும் நன்கறிவர். குடித்தனக்காரர் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையின்றிக் குடியிருந்து, காலம் முடிந்ததும் தொகையை முழுதும் திரும்பப் பெறுவார். வீட்டுக்காரருக்கு இது வட்டியில்லாக் கடன் போலத் தோன்றும். தென் கொரியாவில் 'ஜொன்ஸே' என்ற பெயரில் இதே முறை நாடெங்கும் பரவியிருக்கிறது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் அங்கே வீட்டு விலை சரிந்தபோது, தொகையைத் திருப்பித் தர இயலாத வீட்டுக்காரர்கள் பெருகி, குடித்தனக்காரர்கள் தெருவில் நிற்கும்படி ஆயிற்று. ஒத்திப் பணத்தை வாங்கிக் கட்டடத்திலேயே போட்டுவிட்டால், அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் முன்னவருக்குப் பணம். அவர் வராவிடில் என்ன செய்வது என்று வாங்கும் நாளிலேயே எண்ணவேண்டும். ஒத்தி கொடுப்பவரோ, அந்த வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானம் இருக்கிறதா என்று விசாரிக்காமல் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.

வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உறவைப் பற்றிய சட்டமும் மாறிவருகிறது. மும்பைத் தமிழருக்குப் 'பகடி' வீடுகள் தெரியும். 1947ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940ஆம் ஆண்டு அளவில் கட்டிப்போட்டது. அதன் பயனாக வீட்டுக்காரர் பழுது பார்ப்பதை நிறுத்தினர். கட்டடங்கள் தலைமேல் இடிந்தன. ஏழைக் குடித்தனக்காரரைக் காக்க எழுந்த சட்டம், புதிய குடித்தனக்காரருக்கு வீடே கிடைக்காமலும் செய்துவிட்டது. இப்போது வேறு வழி பிடித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில், 2017இல் இயற்றிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. மத்திய அரசு 2021 ஜூன் மாதம் ஒரு மாதிரி வாடகைச் சட்டத்தை வெளியிட்டது. அதனை ஒட்டி அந்தமான் நிக்கோபாருக்கென ஒரு வாடகை ஒழுங்குமுறை விதிக்கு 2023 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

மாதிரிச் சட்டம் வாடகைத் தொகையை நிர்ணயிப்பதில்லை. ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், அதனை இரண்டு மாதத்துக்குள் வாடகை அதிகாரிக்குத் தெரிவிக்கவேண்டும் என்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகையைத் தாண்டலாகாது. பத்து மாத முன்பணம் கொடுத்துப் பழகிய பெங்களூர் நேயர்கள் இதனைக் கேட்டுப் பெருமூச்சு விடக்கூடும். தகராறு வந்தது என்று வீட்டுக்காரர் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தலாகாது. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குள் நுழையலாகாது. காலம் முடிந்தும் காலி செய்யாத குடித்தனக்காரர் முதல் இரண்டு மாதத்துக்கு இரட்டை வாடகையும் பிறகு நான்கு மடங்கும் தரவேண்டும். இருபது ஆண்டு குடித்தனம் இருந்து, வீட்டுக்காரரின் தொல்லைகளை எல்லாம் பட்டறிந்தவர், தாமே வீட்டுக்காரர் ஆனதும் அதே தொல்லைகளைச் செய்யத் தொடங்குவதை நாம் கண்டதுண்டு. அது மனித இயல்பு போலும். எழுத்திலான ஒப்பந்தம் அவ்வியல்புக்கு ஒரு கடிவாளம்.

வருமான வரியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளாட்சி வரி போக எஞ்சும் வாடகையில் 30 விழுக்காட்டைப் பராமரிப்புக்கெனச் சட்டமே கழித்துவிடுகிறது. இரசீது காட்ட வேண்டியதில்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டியையும் கழிக்கலாம். ஆகவே தொடக்க ஆண்டுகளில் வாடகைக்கு வரி வராது. ஆனால் வீட்டுக் கணக்கில் வரும் நட்டத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளப் புதிய வரிமுறையில் இடமில்லை. பழைய முறையிலும் 2 லட்சமே உச்சம். "வரி மிச்சமாகும்" என்று யாரேனும் ஆசை காட்டினால் எந்த முறையில் என்று திருப்பிக் கேட்க. மத்திய அரசு ஊழியர்களுக்கு ஒரு நினைவூட்டல்: 1964ஆம் ஆண்டு நடத்தை விதிகளின்படி அசையாச் சொத்து வாங்குவதற்கு முன் அலுவலகத்துக்குத் தெரிவிக்கவேண்டும். வீட்டுக்கு மட்டுமன்றி மனைக்கும் அது பொருந்தும்.

கடன் முடிந்த நாளில் செய்யவேண்டியது ஒன்று உண்டு. மூலப் பத்திரங்களை 30 நாளுக்குள் வங்கி திருப்பித் தரவேண்டும். தன் தவற்றால் தாமதித்தால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. கடன் கொடுக்கும்போது எந்தெந்தப் பத்திரத்தை ஒப்படைத்தோம் என்ற பட்டியலைக் கையொப்பத்துடன் வாங்கி வைத்தவருக்கே இவ்விதி முழுப் பயன் தரும்.

அன்பரின் செய்தியைச் சொல்லாமல் விட்டோம். அவர் நான்காம் நாள் முன்பணம் கொடுக்கவில்லை. எஃப் படிவத்தின் சான்றிட்ட நகலைக் கேட்டார். விற்பவர் சிறிது முகம் சுளித்தாராம். ஆயினும் மூன்று வாரத்தில் கொண்டுவந்தார். உரிமை சரியாகவே இருந்தது. ஆனால் நிலம் மனையாக அன்றி மலை நிலமாகப் பதிவாகியிருந்தது. பயன்மாற்றத்துக்கு விற்பவரே விண்ணப்பிப்பது என்றும், கிடைத்த பின்னரே முன்பணம் என்றும் புதிய ஒப்பந்தம் எழுதினார்கள். அதனையும் நாமே தமிழாக்கிக் கொடுத்தோம். இரண்டு குடித்தனத்துக்குப் போட்ட வரைபடம் ஒன்றாகச் சுருங்கிற்று. கடன் 20 லட்சத்திலிருந்து 8 லட்சமாக இறங்கிற்று. இரண்டாம் பகுதிக்கு அடித்தளத்தை மட்டும் இப்போது போட்டுவைக்கலாமா என்று அவர் கேட்கிறார். அம்மையார் அந்த இடத்தில் தண்ணீர்த் தொட்டி வேண்டும் என்கிறார். விண்ணப்பம் வருவாய் அலுவலகத்தில் இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும் நிலத்தை அளக்க வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.